எதிர்ப்பக்கத்து கேலரி

"இன்னிக்கு என்ன கலர் போட்டுக்கப் போறே?" என்று அப்பா கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது. நாற்பத்தொன்பது வயதுக்காரி என்ன உடுத்திக்கொள்ளப் போகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. "மஞ்சள் ஸ்வெட்டர்" என்றேன். "மஞ்சளா. சரி, மஞ்சள்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு டீயை ஊற்றினார். ஊற்றும்போது இடது கையின் ஆள்காட்டி விரலை டம்ளரின் விளிம்புக்கு உள்ளே மடக்கி வைத்திருந்தார். டீ விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். ஆவி பறக்கிற டீ. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு டம்ளரை என் பக்கமாக நகர்த்தினார்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் இந்த முறை வந்ததே பார்ப்பதற்குத்தான். போன மாதம் அப்பா கடையிலிருந்து திரும்பி, பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "என் நாற்காலிய யாருய்யா நகத்தி வச்சது?" என்று அதட்டியிருக்கிறார். தையல்காரர் சிரித்துக்கொண்டே அண்ணனுக்கு ஃபோன் செய்து சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. எனக்கு ஃபோன் செய்தான்.

"அவர்கிட்ட கேட்டா கழுகுப் பார்வைம்பார். டாக்டர்கிட்டயும் வர மாட்டேங்கறார். நீ எப்படியும் அந்த பாஸ்கெட்பால் மேட்ச்சுக்குப் போவ இல்ல? நல்லாக் கவனிச்சுட்டு சாயங்காலம் எனக்குச் சொல்லு. கண்ணு தெரியுதுன்னா விட்டுடறேன். தெரியலன்னா அடுத்த வாரமே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

அண்ணன் கெட்டவனில்லை. அவன் வீடு பதினோராம் மாடியில் இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா அங்கே ஒரே ஒரு முறை போய் நான்கு நாள் தங்கினார். திரும்பி வந்து, "அங்க கீழ எறங்கினாத்தான் மனுஷங்க. எறங்கறதுக்குள்ள எதுக்கு எறங்கறோம்னு மறந்துபோயிடுது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. நீ வைத்துக்கொள்கிறாயா என்று அண்ணன் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்று சொல்ல என்னால் முடிந்திருக்காது. நான்கு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் ஒரு பல் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து பொய்ப்பற்கள் செய்வது என் வேலை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஏழு ஆகும். நான் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பட்டறைக்கு மேலேயே ஓர் அறை. செங்குத்தான படி. கணவர் விட்டுப்போய் ஆறு வருடமாகிறது. ஒரு தட்டு, ஒரு தலையணை. அப்பாவை அங்கே எங்கே உட்கார வைப்பது?

கவனி என்று அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டான். அந்த மேட்ச்சில் நானும் அப்பாவும் சேர்ந்து உட்காருவதில்லை என்பது அவனுக்குத் தெரியாது, அல்லது மறந்துவிட்டது.

ஊரில் இரண்டு கல்லூரிகள். ஒன்று மேட்டில், ஒன்று பாலத்தின் அந்தப் பக்கம். இரண்டுக்கும் பொருத்தமே கிடையாது. மேட்டுக் கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கத்தை அப்பா முப்பத்து நான்கு வருடம் பார்த்துக்கொண்டார். மரத்தரையைப் பெருக்கி மெழுகு போடுவது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, பிய்ந்த வலைகளைக் கட்டுவது எல்லாம் அவர்தான். வீட்டில் பேசியதைவிட அந்தத் தரையோடு அதிகம் பேசியிருப்பார் என்று அம்மா இருந்தவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினெட்டு வயதானபோது, பல் கட்டும் படிப்பு பாலத்துக் கல்லூரியில் மட்டும்தான் இருந்தது என்பதால் அங்கே சேர்ந்தேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் 'எதிரி.' "எதிரி சாப்ட்டாச்சா?" "எதிரிக்கு ஒரு டீ." அந்த வருடம் இரண்டு கல்லூரிகளுக்கும் கூடைப்பந்துப் போட்டி வந்தபோது அவரோடு போய் உட்காரப் பார்த்தேன். "பாலத்துக்காரி எங்க கேலரியில உக்கார்றதா? நான் நாளைக்கு வேலைக்குப் போக வேணாம்?" என்று என்னை எதிர்ப்பக்கம் துரத்திவிட்டார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர் கேலரியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேட்டுக்காரர்கள் முதல் பந்தைக் கூடையில் போட்டார்கள். அப்பா எழுந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து, வரிசை வரிசையாக, தலை தலையாகத் தேடினார். என்னைக் கண்டுபிடித்ததும் என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. முப்பத்தோரு வருடம் ஆகிறது. அவர் ஓய்வு பெற்ற பிறகும், எனக்குக் கல்யாணம் ஆன பிறகும், அது முறிந்த பிறகும் நிற்கவில்லை. அந்த அரங்கில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆயிரம் தலைக்கு நடுவில் ஒரு மனிதர் என்னைத் தேடிக் கண்டுபிடிப்பார். எனக்கு வருடத்தில் ஒரு நாள் அது நடந்தது. அதற்காகத்தான் நான்கு மணி நேரம் பஸ்ஸில் வருகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட.

மேட்ச் மூன்று மணிக்கு. அப்பா ஒன்றரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு, அரங்கைத் திறந்து கொடுக்க வேண்டியவர் போலத் தையல்காரரோடு கிளம்பிவிட்டார். வாசலில் தையல்காரர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டதும், அப்பா அதை உதறியதும், நாலடி தள்ளிப்போய் அவரே தையல்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு கிழவர்கள் சிநேகமாகப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். பிறகு ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றி, மூடியைச் சரியாகத் திருகாமல் தூக்கினேன். பாதி டீ என் நெஞ்சில். மஞ்சள் ஸ்வெட்டரை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் கேலரியில் ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. எதிரே முதல் வரிசையில், ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் பின்னால், அப்பாவும் தையல்காரரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆட்டத்தை அல்ல, அப்பாவை. அவர் முகம் பந்தோடு கூடவே திரும்பியது. பந்து வலது மூலைக்குப் போனால் வலது பக்கம், நடுவுக்கு வந்தால் நடுவுக்கு. எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிகிறது என்று அண்ணனிடம் அடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு முறை பந்து யார் கையிலும் தட்டாமல் மேலே, வெகு உயரத்தில், அரங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. ஆயிரம் முகங்கள் அதோடு போயின. அப்பாவின் முகம் மட்டும் அது கடைசியாகத் தரையில் தட்டிய இடத்திலேயே இருந்தது. அந்தப் பக்கம் விழுந்து தட்டிய பிறகுதான் திரும்பியது. தன் தரையின் ஒவ்வொரு பலகையின் சத்தமும் அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கை தட்டுவதிலும் அப்படித்தான். முன்பெல்லாம் அவர் எழுந்த பிறகுதான் மேட்டுக்காரர்கள் எழுவார்கள். இன்றைக்கு எல்லோரும் எழுந்த பிறகு எழுந்தார்.

மேட்டுக்காரர்களில் ஒருவன் தூரத்திலிருந்து வீசி மூன்று புள்ளி எடுத்தான். எதிர் கேலரி கத்தித் தீர்த்தது. அப்பா எழுந்து நின்றார். கண்ணுக்கு மேல் கை வைத்தார். வரிசையாகத் தேடினார். எனக்கு இத்தனை வயதிலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பார்வை நின்றது. முகம் விரிந்தது. மீசையை முறுக்கினார். நான் நாக்கைத் துருத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே, இடது பக்கம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் வழியே போனால் மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி. பளீரென்ற மஞ்சள் கோட்டு. எங்கள் கேலரி முழுவதிலும் மஞ்சள் அது ஒன்றுதான்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை எழுந்தபோதும் அங்கேதான் முறுக்கினார். நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். "ஏங்க, உக்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். உட்காரவில்லை. தையல்காரர்கூட என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. அப்பா மட்டும் மூன்றாவது வரிசையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குக் கண் போய்விட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சொல்லவே கூசுகிறது, எனக்கு முதலில் வந்தது பொறாமை. அந்த மஞ்சள் கோட்டுக்காரியின் மேல் அப்படியொரு பொறாமை. அது போன பிறகுதான் பயம் வந்தது. போன வருடம் அவர் முறுக்கியது எனக்கா? அதற்கு முந்தின வருடம்? நான் பாட்டுக்கு நாக்கைத் துருத்திக்கொண்டு, மனது நிறைந்து, பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

இடைவேளையில் கீழே இறங்கி மூன்றாவது வரிசைக்குப் போனேன். மஞ்சள் கோட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் உட்கார்வதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த முதல் வரிசைப் பெரியவரைப் பாத்தீங்களா? நானும் பாக்கறேன், ஒவ்வொரு தடவையும் என்னைப் பாத்து மீசைய முறுக்கறாரு. இந்த வயசுல என்ன கொழுப்பு பாருங்க."

"அவர் எங்க அப்பா."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். எதிரி, முப்பத்தோரு வருடம், டீ கொட்டிய ஸ்வெட்டர் எல்லாம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. அவள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "அப்போ நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"நாக்கைத் துருத்திக் காட்டணும்."

"ஐயோ, எனக்கு வெக்கமா இருக்குங்க. கை வேணா காட்டறேன்."

இரண்டாம் பாதியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் அவள் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினாள். கடைசி முறை பெரிதாகவே ஆட்டினாள். அப்பா சிரித்தது இங்கே வரைக்கும் தெரிந்தது. நானும் நாக்கைத் துருத்தினேன். அவர் பார்வை கொஞ்சம் என் மேலும் பட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கிடைக்கிற அளவுக்கு. "எனக்கு இப்படியெல்லாம் யாரும் செஞ்சதில்ல" என்றாள் அவள், ஆட்டத்தைப் பார்த்தபடியே. கோட்டை எனக்குக் கழற்றித் தரவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியவில்லை.

கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் கேலரி திடீரென்று எழுந்து குதித்தது. ஒரே ஒரு புள்ளியில் பாலத்துக் கல்லூரி ஜெயித்திருக்கிறது. எதிரே அப்பா தையல்காரரிடம் எதையோ கேட்டார். தையல்காரர் அவர் காதோடு குனிந்து சொன்னார். அப்பா முழங்காலில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் நாங்கள் சந்திப்பது பக்கவாட்டு இரும்புக் கதவுக்கு வெளியே. நான்கு படி இறங்கினால் ஒரு சின்ன முற்றம். இரண்டு கேலரிக் கூட்டமும் அந்த ஒரு வழியில்தான் வரும். மஞ்சள் கோட்டுக்காரி என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு முன்வாசல் பக்கமாகப் போய்விட்டாள். நான் இறங்கி வந்தபோது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. தையல்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்க வேண்டும். அப்பா படிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். கூட்டம் அவரை உரசிக்கொண்டு போனது. நேராக அவரிடம் போனேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து அரை நிமிடம் நின்றிருப்பேன்.

அப்பா கம்பியோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

"போங்கம்மா, நீங்க போங்க. நான் போறதுக்கு நிக்கல. எம் பொண்ணு வரணும்."

நான் போகாமல் நிற்பதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"பாலத்துக் காலேஜா நீங்க? ஜெயிச்ச கூட்டத்துச் சத்தத்தோடதானே வந்தீங்க. ஜெயிச்சுட்டீங்க, ஜெயிக்கட்டும். எம் பொண்ணும் உங்க கட்சிதான். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு ஒரு சிரமம் குடுக்கட்டுமா? மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருவா. வேகமா நடப்பா. அங்க கதவுகிட்ட வந்ததும் எனக்கு மெதுவா சொல்லிடுங்க. அவ கூப்பிடறதுக்கு முன்னாடி நான் கூப்பிட்டுடணும்."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டி என்ன பயன்?

"எனக்கு இப்பல்லாம் கலர் மட்டுந்தாம்மா தெரியுது. அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தாத்தான். அவளுக்குத் தெரியாது. தெரிய வேணாம். அது அங்க தனியாக் கெடக்கு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பல்லோட பேசிக்கிட்டு. வருஷத்துல ஒரு நாள் வந்து சிரிச்சுட்டுப் போவுது. நான் பாத்து மீசைய முறுக்கினா அதுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதையும் போய்க் கெடுக்கணுமா?"

இத்தனை வருடம் அவருக்காக நான் வருகிறேன் என்று அவரையும், என் ஒரு நாளுக்காக வருகிறேன் என்று என்னையும் நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தேடியதே எனக்காகத்தான் என்று இப்போது ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் நான் என்று இந்த நிமிடம் தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? 'அப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறைக்க அவரிடம் எதுவும் மிஞ்சாது. கோட்டுப் பைக்குள் ஃபோன் துடித்தது. அண்ணனாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆகிவிட்டது. பைக்கு மேலாகவே கையை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

திரும்பி உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. மறுபடி இறங்கி, கதவிலிருந்தே "அப்பா, தோத்தாங்குளி அப்பா" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு வந்தால், நான் இப்போதுதான் வருகிறேன் என்று ஆகிவிடும். கண்ணைப் பற்றியும், வீட்டைப் பற்றியும் அண்ணனிடம் என்ன சொல்வது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். இறங்கி வரும் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, இடிபட்டு, நான்கு படியும் ஏறினேன். அத்தனை காலடிகளில் என் காலடி தனியாகக் கேட்டிருக்காது.

கதவுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன். அப்பா கம்பியைப் பிடித்தபடி, நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ சிரிப்பான விஷயம்தான் போல. ஒரு கையால் என் உயரத்தை அளந்து காட்டினார். காட்டிவிட்டு, அந்த அம்மாள் பதில் சொல்வதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.